தூங்குற கிருமிக்கும் சேர்த்துத்தான் ஆறு மாச மாத்திரை



டி.பி. வந்த வீட்டுல ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இருமல் நின்னு போச்சு, காய்ச்சல் இல்ல, சோறு இறங்குது. அப்புறம் எதுக்கு ஆறு மாசம் மாத்திரை?" அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. "போடச் சொன்னா போடணும்"னு அதட்டுனா அது பதில் ஆகாது. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழு அக்கா ஒருத்தருக்குத் துணையா ஆஸ்பத்திரிக்குப் போனப்போ கேட்டதையும், அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் வெச்சு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

கிருமியைக் கொல்லுற மருந்துகள்ல நிறைய, கிருமி வேலை செய்யும்போதுதான் அதைப் பிடிக்கும். பென்சிலினை எடுத்துக்குங்க. கிருமி தன் உடம்பைச் சுத்தி சுவர் கட்டிக்கிட்டே வளரும். பென்சிலின் அந்தச் சுவர் வேலையைக் கெடுக்கும், கிருமி உடைஞ்சு சாகும். ஆனா சுவரே கட்டாம சும்மா கிடக்குற கிருமியை என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. பாகூர் பக்கம் களை எடுக்கப் போனவங்களுக்கு இது தெரியும். கோரையை மேல அறுத்துட்டா வயல் சுத்தமா தெரியும். அடியில கிழங்கு கிடக்கும். ஒரு தண்ணி பாய்ச்சுனா பச்சைப் பசேல்னு திரும்ப வந்து நிக்கும். பேன் மருந்தும் அப்படித்தான், பேன் செத்தாலும் ஈறு தங்கிடும், அதனாலதான் ஒரு வாரம் கழிச்சு மறுபடி போடச் சொல்றாங்க.

இதை முதல்ல கவனிச்சவங்கள்ல ஒருத்தர் ஒரு பெண். அமெரிக்காவுல கிளாடிஸ் ஹாபினு பேரு. பென்சிலின் போட்டா 100-க்கு 99 கிருமி சாகுது, மிச்சம் ஒண்ணு தங்குதுன்னு 1942-ல எழுதினாங்க. 1944-ல ஜோசப் பிக்கர்னு ஒரு டாக்டர், அந்த மிச்சத்தை எடுத்து வளர்த்து, அதுக்கும் பென்சிலின் போட்டுப் பாத்தார். பிள்ளைகள் முன்ன மாதிரியே செத்துச்சு, மறுபடியும் கொஞ்சம்தான் தங்குச்சு. அப்போ தங்குனது பிறவியிலேயே பலசாலி இல்ல. மருந்து வந்த நேரத்துல தூங்கிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

டி.பி. கிருமி தூங்குறதுல கெட்டிக்காரன். நம்ம குடல்ல இருக்கிற சில கிருமி நல்ல சூழ்நிலையில 20 நிமிஷத்துல ரெண்டாகும். டி.பி. கிருமி ரெண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது போக, நம்ம உடம்பே நுரையீரல்ல அதைச் சுத்தி வேலி மாதிரி கட்டிடும். உள்ள காத்து குறைவு, தீனி குறைவு. கிருமி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும், சிலருக்கு வருஷக்கணக்குல.

அதனாலதான் நாலு மருந்து. ஐசோநயசிட், வேகமா பெருகுறதைச் சீக்கிரம் கொன்னுடும். இருமல் குறையுறது இதுலதான், நாமளும் "சரியாயிடுச்சு"ன்னு நினைக்கிறது அப்போதான். ரிஃபாம்பிசின், நடுநடுவுல கண் முழிக்கிற கிருமியையும் பிடிக்கும். பைரசினமைட், புளிப்பான இடத்துல சோம்பலா கிடக்கிறதைக் கொல்லும். எத்தாம்புட்டால், மத்த மருந்துக்குக் கிருமி பழகிடாம காவல். முதல் ரெண்டு மாசம் நாலும், அடுத்த நாலு மாசம் பைரசினமைட் இல்லாம மூணும் கொடுக்கிறாங்க. அந்த நாலு மாசமும் தூங்குறது முழிக்கிறதுக்குக் காத்திருக்கிற காலம். ரிஃபாம்பிசினும் பைரசினமைட்டும் சேராத காலத்துல ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்னு போட்டாங்களாம். ஆறு மாசம்ங்கிறதே குறைச்சுக் கொடுத்ததுதான்.

வீட்டுல இருந்தே மாத்திரை போட்டு குணமாகலாம்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம பக்கத்துச் சென்னை. 1956-ல சேத்துப்பட்டுல டி.பி. ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. 193 நோயாளிகள்ல ஒரு பாதியை தாம்பரம் சானடோரியத்துல வெச்சு, மறு பாதிக்கு வீட்டுலயே மாத்திரை கொடுத்தாங்க. வீட்டுல இருந்தவங்க ஏழைங்க, நெருக்கடியான வீடு, சாப்பாடும் குறைச்சல். ஆனாலும் ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லாம குணமானாங்க. வீட்டுல கூட இருந்தவங்களுக்கும் அதனால நோய் கூடுதலா வரலை. முடிவை 1959-ல வெளியிட்டாங்க. அந்த வீடுகள்ல மாத்திரையை எடுத்துக் கொடுத்தது யாரா இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

எங்க குழு அக்கா மூணாவது மாசத்துல நிறுத்திட்டாங்க. உடம்பு தேறிடுச்சு, வேலைக்குப் போகணும், மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது. மாத்திரையை அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சுப் போட்டவங்க அவங்க. ஏழெட்டு மாசத்துல இருமல் திரும்ப வந்துச்சு. சளியை டெஸ்ட் பண்ணதுல, கிருமி மருந்துக்குப் பழகலை, பழைய மருந்தே கேக்கும்னு வந்துச்சு. அதாவது தூங்குன அதே கிருமி முழிச்சுக்கிச்சு. எல்லாருக்கும் இப்படி அமையாது. விட்டு விட்டுப் போட்டா, பெருகுற கூட்டத்துல மருந்துக்கு அடங்காத ஒண்ணு பிறந்து, அதோட வம்சமே அடங்காததா ஆயிடும். அப்புறம் வேற மருந்து, அதிகத் தொந்தரவு. அக்கா மறுபடி முதல்ல இருந்து ஆறு மாசம் போட்டு முடிச்சாங்க. இப்போ அதோ மூணாவது வரிசையில இருக்காங்க, அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

நிறுத்துறதுக்குக் காரணம் பல நேரம் பயம்தான். ரிஃபாம்பிசின் போட்டா சிறுநீர் ஆரஞ்சு நிறமா போகும். ரத்தம்னு பயப்படாதீங்க, அது மருந்தோட சாயம். கை கால் எரிச்சல், மூட்டு வலின்னா கேளுங்க, அதுக்கு வழி இருக்கு. கண் மஞ்சளா ஆனாலோ, பார்வை மங்குனாலோ, விடாம வாந்தி வந்தாலோ அன்னைக்கே டாக்டர் கிட்ட போகணும். ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து முழுங்காதீங்க, கேட்டுட்டுப் போடுங்க. இன்னொண்ணு, கூச்சப்படாம சொல்லணும்: ரிஃபாம்பிசின் போடுற காலத்துல கர்ப்பத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாது. வேற முறைக்கு நர்ஸ் கிட்ட கேளுங்க.

சளி பரிசோதனையும் மாத்திரையும் அரசாங்கத்துல இலவசம். கோரிமேட்டுல நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கு, ஜிப்மர் இருக்கு. சத்துணவுக்குன்னு பேங்க் கணக்குல மாசம் 1,000 ரூபா வருது, 2024 நவம்பருக்கு முன்ன 500-ஆ இருந்துச்சு. கணக்கு இல்லாதவங்களுக்கு நம்ம ஊக்குநர்கள் திறந்து கொடுக்கலாம். வீட்டுல ஒருத்தருக்கு டி.பி. இருந்தா மத்தவங்களும், முக்கியமா அஞ்சு வயசுக்குள்ள குழந்தைகளும் பரிசோதனைக்குப் போகணும். நோய் இல்லைன்னா, தூங்குற கிருமி முழிக்காம இருக்கத் தடுப்பு மாத்திரை தருவாங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. அந்த அக்கா வேலைக்கு ஓடினது எங்க குழுவுல வாங்குன உள்கடன் தவணைக்காகவும்தான். ரெண்டாவது தடவை நாங்க ஆறு மாசம் அசலைத் தள்ளி வெச்சு, வட்டியும் போடாம தீர்மான நோட்டுல எழுதினோம். காரணம்னு இருக்கிற இடத்துல "உடல்நலம்"னு மட்டும்தான் எழுதினோம், நோய் பேரு எழுதல. எங்க குழுவுக்கு ஒரு நஷ்டமும் வரலை, ஏழாவது மாசத்துல இருந்து கட்டிட்டாங்க. இதை எல்லா குழுவுக்கும் பொதுவான தீர்மானமா இந்த வருஷப் பொதுக்குழுவுல வைக்கணும்னு கேட்டுக்கிறேன். யாராவது வழிமொழிஞ்சா இன்னைக்கே எழுதிடலாம்.