காப்பிக்கு ஓர் ஆற்றுப்படை

 

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது சங்கப் புலவர் போற்றிய ஒரு துறை. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம், நன்னனது நாட்டுக்குச் செல்லும் மலைவழியின் இடர்களையும், இடையிலுள்ள ஊரார் தரும் உணவையும் விரித்துரைக்கிறது. வள்ளலின் பெயரை மட்டும் சொல்லி அது நின்றுவிடுவதில்லை. எந்த நிலத்தில் யார் என்ன தருவர் என்பதையும் சொல்லி அனுப்புகிறது.

இக்காலப் பயணிக்கும் இத்தகைய வழிகாட்டல் தேவைப்படுகிறது. அயல்நாட்டில் ஒரு குவளை நல்ல காப்பியைத் தேடுவது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அத்தேடல் ஒரு நாட்டின் வரலாற்றுக்குள்ளேயே ஒருவரை அழைத்துச் சென்றுவிடும். கிழக்குத் தீமோர் அதற்குத் தக்க சான்று.

ஆஸ்திரேலியாவிற்கு வடக்கே, தீமோர்த் தீவின் கிழக்குப் பாதியில் அமைந்துள்ள இந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். நெடுங்காலம் போர்த்துக்கீசியர் ஆட்சியிலும், 1975 முதல் இந்தோனேசியப் படைகளின் பிடியிலும் இருந்தது. 1999இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் விடுதலையைத் தேர்ந்தனர். 2002ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அது தனி நாடாயிற்று. 2025இல் ஆசியான் அமைப்பின் பதினோராவது உறுப்பு நாடாயிற்று. சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவாகவே செல்லும் நாடுகளுள் இஃது ஒன்று. எண்ணெயும் எரிவாயுவும் நீங்கலாக, இதன் முதன்மை ஏற்றுமதிப் பொருள் காப்பியே.

அத்தகைய நாட்டில் நல்ல காப்பி எளிதில் கிடைக்கும் என்று எண்ணிச் செல்பவர் ஏமாற்றம் அடைவர். தலைநகர் திலியின் சிறுகடைகளில் சர்க்கரையும் பாற்பொடியும் கலந்து உறையிலிட்ட காப்பித்தூள் தொங்கும். மலையூர் வீடுகளிலோ, கொட்டையை விறகடுப்பில் கருக வறுத்து, உரலில் இடித்து, சர்க்கரை மிகுதியாக இட்டுப் பருகுவர். விருந்தினர்க்கு அதை அன்போடு வழங்குவர். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் கருகிய கொட்டையில் மண்ணின் மணம் எஞ்சுவதில்லை. தேர்ந்த கொட்டைகள் கப்பலேறிச் செல்கின்றன. கழிக்கப்பட்டவையே பெரும்பாலும் விளைவித்தவர் வீட்டில் தங்குகின்றன. காப்பி விளையும் நாடுகள் பலவற்றில் காணப்படும் முரண் இது.

இந்நாட்டுக் காப்பிக்குத் தமிழரோடும் ஓர் உறவு உண்டு. தமிழகத்திலிருந்து நடந்தும் கடல் கடந்தும் கண்டி மலைகளுக்குச் சென்ற தொழிலாளர், வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். 1869இல் அங்கு இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் காப்பி வீழ்ந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அந்நோய்க்கு எதிராக இயற்கையே ஒரு விடையைத் தீமோர் மலைகளில் தோற்றுவித்தது. 1920களில் அங்கு அராபிகாவும் ரொபஸ்டாவும் தாமே கலந்து ஒரு புதுமரம் தோன்றியது. அராபிகாவுக்கு 44 குரோமோசோம்கள், ரொபஸ்டாவுக்கு 22. எனவே இவை இயல்பாகக் கலப்பது மிக அரிது. ‘தீமோர்க் கலப்பினம்’ எனப் பெயர் பெற்ற அம்மரம் துருநோயைத் தாங்கி நின்றது. கட்டிமோர் முதலிய வகைகள் அதன் வழிவந்தவை. இந்தியாவில் பயிராகும் காவிரி, சந்திரகிரி ஆகிய வகைகளிலும் அக்குருதி ஓடுகிறது. சில இடங்களில் பின்னாளில் நோய் அந்த எதிர்ப்பையும் மீறியது உண்மையே. எனினும் உலகக் காப்பி வேளாண்மை இச்சிறு தீவுக்குக் கடன்பட்டிருப்பதை மறுக்க இயலாது.

இனி வழியைக் காண்போம். திலியின் கடற்கரையை விட்டுத் தென்மேற்கே மலையேறினால் எர்மேரா, அதனுள் லெதெபோகோ. தெற்கே ஐலேயு, மௌபிசே. 1,200 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த ஊர்களில் பழம் மெல்லப் பழுக்கும், சுவையும் செறியும். மே முதல் செப்டம்பர் வரை அறுவடைக் காலம். சாலைகள் கரடுமுரடானவை, மழை பெய்தால் மண் சரியும். கடையை நாடுவோர் அதன் அழகைக் காண்பதினும் நான்கு வினாக்களை எழுப்புவது நன்று. எந்த ஊர்க் கொட்டை? எந்த ஆண்டு விளைச்சல்? பழத்தோலை நீக்கிக் கழுவியதா, பழமாகவே உலர்த்தியதா? என்று வறுத்தது? இவற்றிற்கு விடை சொல்லத் தெரிந்த கடையில் பெரும்பாலும் நல்ல காப்பி கிடைக்கும். திலியில் உள்நாட்டுக் கொட்டையைத் தாமே வறுத்து வழங்கும் கடைகள் இப்போது உள்ளன. வணிகர் நூற்றுக்கு எண்பது புள்ளியும் அதற்கு மேலும் பெறும் கொட்டையையே சிறப்புக் காப்பி என்பர்.

அந்த எண்பது புள்ளிக்குப் பின்னே இருப்பது கைகளின் உழைப்பு. பச்சைக்காயைத் தவிர்த்துச் சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். பறித்த அன்றே தோலை நீக்க வேண்டும், தாமதித்தால் புளிப்பேறிவிடும். வண்டி வராத மலையூரில் இதுவே பெரும் இடர். சிவந்த பழத்திற்கும் கலந்து உருவிய பழத்திற்கும் ஒரே விலை தரப்படுமாயின், ஒவ்வொன்றாகப் பறிப்பவர் யார்? படையினரோடு தொடர்புடைய ஒரே நிறுவனம் கொள்முதலைத் தன் கையில் வைத்திருந்த நாளில் உழவர்க்குக் கிட்டியது சொற்பமே. 1994இல் கூட்டுறவு அமைப்புக்கு ஏற்றுமதி உரிமை கிடைத்த பின்னரே அந்நிலை நெகிழத் தொடங்கியது. ஆகவே சுவை என்பது நாவைச் சார்ந்தது மட்டுமன்று. நியாயமான விலையையும் சார்ந்தது.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது, தெய்வம், மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு உணவையும் நிலத்திற்கு உரியதாகவே வைத்தார். நிலத்திலிருந்து பிரித்துவிட்டால் உணவு வெறும் சரக்காகிவிடுகிறது. இந்நாட்டில் நல்ல காப்பியைத் தேடும் பயணி, ஊரைக் கேட்டு, விளைவித்தவரை மதித்து, உரிய விலை தந்து பருகும்போது அப்பிரிவு சிறிதளவேனும் நீங்குகிறது. மலையூரில் கருக வறுத்த காப்பியை அன்போடு நீட்டும் தாயிடம் முகம் சுளிக்காமல் அதை வாங்கிப் பருகுவதும் அந்த மதிப்பின் பாற்பட்டதே. அவள் பறித்த பழத்தின் உண்மைச் சுவையை அவளும் ஒருநாள் தன் வீட்டிலேயே பருக வேண்டும். அந்த நாள் வரும்போதுதான் தீமோரில் நல்ல காப்பி கிடைக்கிறது என்று முழுமையாகச் சொல்ல முடியும்.