மூணு மாதுவும் ஒரு கமிட்டும்

இன்னைக்கு பைத்தான்ல இருந்து டேட்டாபேஸைக் கையாளுறது. அதுல நான் பண்ணின ஒரு தப்பை வச்சே சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம் அதியமான்கோட்டை. காலபைரவர் கோயில் இருக்கே, அந்த ஊர்தான். பெரியப்பா அங்க பால் சென்டர் வச்சிருக்கார். யார் எத்தனை லிட்டர் ஊத்தினாங்க, தீவனத்துக்கு யார் அட்வான்ஸ் வாங்கினாங்க, எல்லாம் ஒரு நீள நோட்டுல இருக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பட்டுவாடா. லீவுக்குப் போனப்ப, "நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன் பெரியப்பா"ன்னு உட்கார்ந்தேன்.

எடுத்தது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-ல வெளியிட்டது. தனியா சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பைத்தானோட சேர்ந்தே வருது, நீங்க எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். கனெக்ட்னு கூப்பிட்டா ஃபைல் திறக்கும், இல்லைன்னா புதுசா உருவாகும். அப்புறம் எக்ஸிக்யூட்டுக்குள்ள நாலே வேலை: இன்சர்ட், செலக்ட், அப்டேட், டெலீட்.

பேரு, தொகை மாதிரி மதிப்புகளை எஸ்க்யூஎல் வரிக்குள்ள நேரா ஒட்டாதீங்க. அந்த இடத்துல ? போட்டுட்டு, மதிப்புகளைத் தனியா ஒரு டியூப்பிளா கொடுங்க. இல்லைன்னா யாரோ டைப் பண்ணினது கட்டளையாவே ஓடிடும். ஒரே மதிப்புன்னா அதுக்குப் பின்னாடி ஒரு கமா வேணும். நான் இதுல அரை மணி நேரம் முட்டிக்கிட்டேன்.

இதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன். மாதுன்னு ஒருத்தர் 2,000 ரூபா அட்வான்ஸ் வாங்கினார். பேரு 'மாது'ன்னு இருக்கிற வரியில அட்வான்ஸைக் கூட்டுன்னு அப்டேட் எழுதி, கமிட் பண்ணிட்டேன். எங்க பக்கம் மாதுன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க. எங்க டேபிள்ல மூணு பேர்.

பட்டுவாடா அன்னைக்கு இன்னொரு மாது அண்ணன் காசை எண்ணிப் பார்த்துட்டு, "நான் எப்பப்பா அட்வான்ஸ் வாங்கினேன்?"னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதுண்ணா." இன்னும் கூசுது. பெரியப்பா பேசாம நோட்டை எடுத்துப் புரட்டினார். அவர் வாங்கவே இல்லை. பிடிச்ச காசை அங்கேயே கொடுத்தோம். மூணாவது மாது வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்ப ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் இருக்கு, அதுதான் பிரைமரி கீ. அப்டேட் அந்த எண்ணை வச்சு மட்டும்தான். ஓடினதும் கர்சரோட ரோகவுன்ட்டைப் பார்க்கிறேன், அதாவது எத்தனை வரி மாறுச்சுன்னு. 1 வந்தா கமிட். வேற எது வந்தாலும் ரோல்பேக், எதுவும் நடக்காத மாதிரி ஆயிடும். கமிட் பண்ணின பிறகு ரோல்பேக் கேட்டா ஒண்ணும் ஆகாது.

எதிர்த் தப்பும் உண்டு. கமிட்டை மறந்துட்டா, அதே கனெக்‌ஷன்ல செலக்ட் பண்ணிப் பார்த்தா எல்லாம் பதிவான மாதிரியே தெரியும். மூடிட்டு மறுபடி திறந்தா ஒண்ணும் இருக்காது.

பெரியப்பா இன்னும் நோட்டு எழுதிட்டுத்தான் இருக்கார். நானும் வேண்டாம்னு சொல்லலை. அடுத்த எபிசோடுல ரெண்டு டேபிளைச் சேர்க்கிறது எப்படின்னு பார்ப்போம்.