பாடங்களின் எல்லையும் கேள்வியின் பாதையும்

(கொல்கத்தாவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்வகுப்பு மாணவர்களுடன் உரையாடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "நான் பொறியாளராக விரும்புகிறேன், வரலாறு படித்து எனக்கு என்ன பயன்?" என்று ஒருவர் கேட்கிறார். "நான் வணிகவியல் எடுக்கப் போகிறேன், உயிரியல் எதற்கு?" என்று மற்றொருவர் கேட்கிறார். பெற்றோர் பலர் இதனைச் சோம்பலின் அறிகுறியாகக் கொள்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. மணி அடித்ததும் ஒரு நூலை மூடி மற்றொரு நூலைத் திறக்கும் மாணவனுக்கு அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை எவரும் எடுத்துரைப்பதில்லை. அந்நிலையில் இக்கேள்வி எழாமற்போனால்தான் வியப்பு.

"எல்லாம் பொது அறிவுக்கு உதவும்" என்பது இதற்குப் போதிய விடையாகாது. தக்க விடையை இக்கொல்கத்தா நகரின் வரலாற்றிலேயே காணலாம். ஒரு பாடத்தில் எழும் கேள்விக்கு மற்றொரு பாடத்தின் கருவி விடை தருகிறது. அக்கருவியை அங்கே எடுத்துச் செல்லத் தெரிந்தவர் நாட்டுக்குப் பெருந்தொண்டு ஆற்றுகிறார். இவ்வுண்மையைச் சில நிகழ்ச்சிகளின் துணைகொண்டு விளக்க முற்படுகிறேன்.

இயற்பியல் மாணவர் கண்ட உயிரியல் இதழ்

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1893ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்தார். மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சிக் கல்லூரியில் பயின்று, 1912ஆம் ஆண்டில் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1915ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்ப இருந்த வேளையில், போரின் காரணமாகக் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்தபோது, மெக்காலே என்னும் ஆசிரியர் 'பயோமெட்ரிகா' என்னும் இதழின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். உயிரினங்களின் அளவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்வதற்கென 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இதழ் அது. மகாலனோபிஸ் அத்தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பற்பயணத்தின்போதே படித்தார்.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் தமது இயற்பியலைக் கைவிட்டு உயிரியலுக்கு மாறிவிடவில்லை. இந்தியா திரும்பியபின் பிரசிடென்சிக் கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியலையே கற்பித்தார். ஆயினும் அளத்தல் என்பதன் பொருள் அவர் மனத்தில் விரிவடைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளப்பவர், பத்து முறை அளந்தால் பத்து அளவுகளும் சிறிதேனும் வேறுபடும் என்பதை அறிவார். மனிதரின் உயரமும் மழையின் அளவும் வயலின் விளைச்சலும் அவ்வாறே வேறுபடுவன. அவ்வேறுபாட்டுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அவ்விதழ் அவருக்கு உணர்த்தியது.

1920ஆம் ஆண்டில் நாகபுரியில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில், விலங்கியல் அளவைத் துறை இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் இந்நகரத்து ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் 1936ஆம் ஆண்டில் 'மகாலனோபிஸ் தொலைவு' என்னும் கோட்பாடாகக் கனிந்தது. உயரம் மிகுந்தவருக்குத் தலையின் நீளமும் மிகுந்திருக்கக் கூடும். இத்தகைய உறவுகளையும் கணக்கிற்கொண்டு, இரு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை ஒரே எண்ணால் கூறும் முறை அது. மானிடவியல் எழுப்பிய வினாவுக்குக் கணிதம் தந்த அவ்விடை, இன்று கணிப்பொறி அறிவியலிலும் பயன்படுகிறது.

ஆற்றுப்படுகை உயர்ந்ததா?

அளக்கும் முறை பாட எல்லையைக் கடந்ததால் மக்களுக்கு விளைந்த பயனை ஒரிசா வெள்ளம் காட்டுகிறது. 1926ஆம் ஆண்டில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதே இதற்குக் காரணம் என்றும், ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர்கள் கருதினர். படுகை உயர்ந்தது உண்மைதானா என்பதை அறிய மகாலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார். படுகை உயரவில்லை என்பது தெரியவந்தது. கரைகளை உயர்த்தும் கருத்துக்கு அடிப்படையே இல்லாமற்போயிற்று. பொறியாளர்கள் திறமையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. தமது பாடம் கற்பிக்காத ஒரு வினாவை அவர்கள் எழுப்பவில்லை, அவ்வளவே.

வரலாறு எதற்கு?

இனி, வரலாற்றின் பயனைக் கேட்ட மாணவருக்கு விடை கூறுகிறேன். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் என்ன பயிர் விளைந்தது என்பதற்கு நெடுங்காலம் நம்பத்தக்க கணக்கு இருந்ததில்லை. இதன் காரணத்தைப் புள்ளியியல் நூலில் தேடினால் கிடைக்காது. வரலாற்று நூலில்தான் கிடைக்கும். 1793ஆம் ஆண்டில் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி ஜமீன்தார் செலுத்த வேண்டிய தொகை என்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் அரசின் வருவாய் மாறாது. எனவே ஒவ்வொரு வயலையும் ஆண்டுதோறும் பார்த்து எழுதும் தேவை அரசுக்கு எழவில்லை. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை இருந்த ஊர்களில் கணக்குப்பிள்ளை அடங்கலில் பயிர்க்கணக்கு எழுதிவந்தார். அத்தகைய ஊர் அலுவலர் வங்காளத்துக்கு வாய்க்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிச்சட்டம் ஒன்று, பிற்காலத்துப் புள்ளிவிவரத்தின் தரத்தை முடிவுசெய்துவிட்டது.

இக்குறையை நீக்கவே, மகாலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், 1937ஆம் ஆண்டு முதல் சணல் பயிரில் மாதிரிக் கணக்கெடுப்பு முறையைச் சோதித்துப் பார்த்தது. எல்லா வயல்களையும் எண்ணுவதற்குப் பதிலாக, குலுக்கல் போன்ற முறையில் சில வயல்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரு குழுக்கள் அனுப்பப்பட்டன. இரண்டின் கணக்குகளும் ஒத்திருந்தால் முடிவில் நம்பிக்கை பிறக்கும். ஒத்திராவிடில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்பது வெளிப்படும். இதற்குக் கணிதம் மட்டும் போதவில்லை. பயிரின் பருவத்தை அறிந்த வேளாண்மை அறிவும், செலவைக் கணக்கிடும் பொருளியலும், ஊராருடன் பழகத் தெரிந்த மொழியறிவும் வேண்டியிருந்தன.

1943: ஒரு பஞ்சமும் பல பாடங்களும்

நண்பர்களே, பாடங்கள் ஒன்றோடொன்று பேசாதிருந்தால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைவிடக் கடுமையாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றில்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு, மாண்டவர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் என மதிப்பிட்டது. பிற்காலத்து ஆய்வாளர் சிலர் 30 லட்சம் வரை கூறுகின்றனர். ஊர்ப்புறங்களிலிருந்து உணவு தேடி வந்தோர் இந்நகரின் தெருக்களிலேயே உயிர்விட்டனர்.

பஞ்சத்துக்குப் பின் புள்ளியியல் கழகம் ஊர்ப்புறங்களில் ஒரு மாதிரி ஆய்வை நடத்தியது. எந்தத் தொழிலைச் சேர்ந்த குடும்பங்கள் எவ்வளவு நிலைகுலைந்தன என்பதை அது பதிவு செய்தது. பஞ்சத்தின்போது சாந்திநிகேதனத்தில் சிறுவனாக இருந்த அமர்த்தியா சென், பிற்காலத்தில் அப்பதிவுகளைத் தம் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். சென் பொருளியலுக்கு நேராக வந்தவரல்லர். வடமொழி, கணிதம், இயற்பியல் ஆகிய மூன்றிலும் மாறிமாறி ஈடுபாடு கொண்டிருந்து, இறுதியில் பொருளியலைத் தேர்ந்ததாக அவரே குறிப்பிட்டுள்ளார். 1951ஆம் ஆண்டில் அவர் பிரசிடென்சிக் கல்லூரியில் சேர்ந்தார்.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், வங்காளத்தில் 1943ஆம் ஆண்டில் கிடைத்த அரிசி அதற்கு முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சம் ஏற்படாத 1941ஆம் ஆண்டைவிட 13 விழுக்காடு கூடுதல் என்றும் அவர் கணக்கிட்டார். அவ்வாறாயின் மக்கள் ஏன் மாண்டனர்? போர்க்காலச் செலவினால் விலை உயர்ந்தது. உழவுக் கூலியாளரின் கூலி அதற்கேற்ப உயரவில்லை. மீனவர், வண்டியோட்டிகள் போன்றோரின் உழைப்பை விற்று அரிசி வாங்கும் ஆற்றல் சரிந்தது என்பது அவர் கண்ட முடிவு. அன்றைய விளைச்சல் கணக்கே நம்பத்தக்கதன்று என்று கூறி இம்முடிவை மறுக்கும் அறிஞர்களும் உளர். அவர்களது மறுப்பும் நாம் மேலே கண்ட 1793ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே நம்மை இட்டுச் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நெல் இருப்பை மட்டும் பார்ப்பவருக்குக் கூலி தென்படுவதில்லை. விலையை மட்டும் பார்ப்பவருக்கு மீனவர் தென்படுவதில்லை. வேளாண்மை, பொருளியல், வரலாறு, புள்ளியியல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் பட்டினியின் காரணம் புலப்படுகிறது.

இராமானுஜன் எழுப்பும் மறுப்பு

இவ்வளவும் கேட்ட ஒருவர் தக்கதொரு மறுப்பை எழுப்பக்கூடும். எல்லாப் பாடங்களையும் எல்லாரும் படித்தாக வேண்டும் என்னும் விதியினால் கெட்டவர் இல்லையா? உண்டு, நம் கணித மேதை இராமானுஜனே அதற்குச் சான்று. 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோதும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராக வாய்த்தவர்களுள் மகாலனோபிஸும் ஒருவர். பல பாடங்களைக் கடந்து சென்றவரும் ஒரே பாடத்தில் ஆழ்ந்தவரும் ஒரே ஊரில் நட்புக் கொண்டிருந்தனர்.

ஆகவே, பல பாடங்களிலும் ஒரே அளவு மதிப்பெண் பெறுவதை நான் பரிந்துரைக்கவில்லை. எல்லாவற்றிலும் சிறிதளவு அறிந்து எதிலும் ஆழமில்லாதிருப்பது பயனற்றது. மகாலனோபிஸ் கையில் இயற்பியலும் கணிதமும் உறுதியாக இருந்தமையால்தான் உயிரியல் இதழ் அவருக்குப் பயன்பட்டது. கொண்டுசெல்லக் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். கொண்டுசெல்லும் விருப்பமும் வேண்டும். கட்டாயத்தால் விரிவு வாராது, கேள்வியால் வரும். அதே வேளையில், பதினைந்து வயதில் ஒரு பிரிவைத் தேர்ந்ததும் மற்றக் கதவுகளை அடைத்துவிடும் முறையும் தீங்கானதே. கலைப் பாடங்களுக்கும் அறிவியல் பாடங்களுக்கும் இடையே கடும் பிரிவினை கூடாது என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அது நடைமுறையில் பொருள்பெறுவது ஆசிரியரையும் மாணவரையும் பொறுத்தது.

இந்தியப் புள்ளியியல் கழகம் 1960ஆம் ஆண்டில் பட்ட வகுப்புகளைத் தொடங்கியபோது, முதலாண்டுகளின் பாடத்திட்டத்தில் இயற்கை அறிவியல்களும் சமூக அறிவியல்களும் இடம்பெற்றிருந்தன. கழகத்தின் நிலவியல் ஆய்வாளர்கள் கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த தொன்மையான பெருவிலங்கின் எலும்புக்கூடு, வராகநகர் வளாகத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. பாராபாசாரஸ் என்று பெயரிடப்பெற்ற அவ்விலங்கின் சிறப்புப் பெயர் இரவீந்திரநாத தாகூரை நினைவூட்டுவது. எண்களின் இல்லத்தில் எலும்புக்கூட்டுக்கு என்ன வேலை என்று வியப்பவர், மாணவர்களே, அவசியம் ஒருமுறை சென்று காணுங்கள்.

மாணவருக்கும் அலுவலருக்கும்

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. ஒரு பாடத்தை நன்கு பற்றிக்கொள்ளுங்கள். மற்றப் பாட வகுப்பில் அமரும்போது, "இங்கே எழும் எக்கேள்விக்கு என் பாடம் உதவும்?" என்றும், "என் பாடத்தால் விடை காண இயலாத எதற்கு இது விடை தருகிறது?" என்றும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் தெருவிலுள்ள மீன்சந்தையின் விலையை ஒரு திங்கள் குறித்து வாருங்கள். பருவகாலமும் போக்குவரத்தும் கூலியும் பண்டிகையும் அதில் தாமே வந்து சேரும்.

அலுவலக நண்பர்களுக்கும் ஒரு சொல். பாடப்பிரிவையும் அரசின் நிருவாகப் பிரிவையும் தமிழில் 'துறை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அச்சொல்லின் முதற்பொருள் ஆற்றில் இறங்கும் இடம், ஓடம் ஏறும் இடம் என்பதாகும். ஹூக்ளியின் துறைகளில் நாள்தோறும் மக்கள் அக்கரை செல்வதை நாம் காண்கிறோம். நம் கோப்புகளோ பெரும்பாலும் துறையிலேயே நின்றுவிடுகின்றன. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணியாளர் ஒரு குடிசை வாயிலில் அமர்ந்து, "கடந்த 30 நாள்களில் எவ்வளவு அரிசி சமைத்தீர்கள்?" என்று கேட்கிறார். அவ்வெண் உணவுத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் நலவாழ்வுத் துறைக்கும் ஒருங்கே உரியது. மூன்று துறைகளும் சேர்ந்து அதனைப் படித்தால்தான் அந்த அம்மையார் நமக்கு ஒதுக்கித் தந்த நேரத்துக்கு நாம் நீதி செய்தவர்களாவோம்.

இன்று இங்கே அமர்ந்துள்ள மாணவருள் சிலர் நாளை அக்கோப்புகளைக் கையாளப் போகிறவர்கள். இவ்வுறவைக் காணும் பழக்கம் பணியில் சேர்ந்தபின் எளிதில் வருவதன்று. பள்ளிப் பருவத்திலேயே அது தொடங்க வேண்டும்.