கப்பலேறிய கதிர்கள்



பஞ்சாலைப் புகைபோக்கிகள் சில இன்றும் எஞ்சி நிற்கும் இம்மும்பை மாநகரில் வணிகத்தைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். வணிகமென்றதும் பண்டத்தையும் விலையையுமே எண்ணுகிறோம். பண்டத்தோடு தொழிலறிவும் கடல் கடக்கின்றது என்பதை அத்துணை எண்ணுவதில்லை.

நூற்பு இயந்திரங்களைப் பிறநாடுகளுக்கு விற்பதை இங்கிலாந்து 1843 வரை சட்டத்தால் தடுத்து வைத்திருந்தது. துணியை விற்கலாம், துணி செய்யும் வித்தையை விற்கலாகாது என்பது அவர்கள் கணக்கு. தடை நீங்கிய பின், 1854-இல் காவஸ்ஜி தாவர் இந்நகரில் நூற்பாலைக் குழுமம் அமைத்தார். லங்காஷயர் இயந்திரங்களும், அவற்றை ஓட்டக் கற்பிப்போரும் கப்பலேறி வந்தனர். 1877-இல் நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் திறந்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவோ, லங்காஷயரே பழைய மியூல் இயந்திரத்தை விடாதிருந்த நாளில் புதிய ரிங் கதிர்களைத் தருவித்தார்.

1893-இல் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் நேர்க் கப்பற்போக்குவரத்து தொடங்கியது. இங்கிருந்து பஞ்சு சென்றது. அவர்களுக்கும் இயந்திரம் இங்கிலாந்திலிருந்தே வந்தது. ஆயினும் சீனச் சந்தையில் நம் நூல் பெற்றிருந்த இடத்தை ஜப்பானிய நூல் கைப்பற்றிற்று. நம் குட்டை இழைப் பஞ்சோடு அமெரிக்கப் பஞ்சைக் கலந்து நூற்கும் நுட்பத்தை அவர்கள் வளர்த்துக்கொண்டனர். தறிக்கூடத்திலும் இவ்வேறுபாடே. 1920-களில் பம்பாயில் நெசவாளர் ஒருவர் பொதுவாக இரு தறிகளைக் கவனித்தார்; ஜப்பானில் அதனினும் மிகுதி.

இதற்காக நம் தொழிலாளரைச் சோம்பேறிகளென்று பழித்தோர் உண்டு. அது நேர்மையன்று. தறியை மிகுதியாக்கினால் மிஞ்சும் ஆளுக்கு வேலை எங்கே என்று அவர்கள் கேட்டனர். 1928-இல் ஏறத்தாழ ஆறு மாதம் ஆலைகள் நின்றமைக்கு அவ்வச்சமும் ஒரு காரணம். இயந்திரத்தை இறக்குமதி செய்தோர் அக்கேள்விக்கான விடையை உடன் கொணரவில்லை.

ஜப்பானியர் ஓட்டியதோடு நிற்கவில்லை. ஊடை நூல் தீரும்போது, ஓட்டம் நில்லாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறியை 1924-இல் டொயோடா நிறைவாக்கினார். அதன் உரிமையை 1929-இல் விலைகொடுத்து வாங்கியது யார் தெரியுமா? உலகுக்கெல்லாம் இயந்திரம் விற்ற லங்காஷயரின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே!

நம் நாட்டிலும் அத்திருப்பம் நேர்ந்தது, சற்றுப் பிந்தி. 1962-இல் கோவையில், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனக் கூட்டுறவோடு லட்சுமி மிஷின் ஒர்க்ஸ் தோன்றியது. அங்குச் செய்த நூற்பு இயந்திரங்கள் இந்திய ஆலைகளில் ஓடுவதோடு, அயல்நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன.