மருந்துக்கடைக்காரரா, மருந்தாளுநரா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் இங்கே கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். வேலை பார்ப்பது மருந்துத் தொழிற்சாலையில். நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் பார்மஸி பிள்ளைங்களும் வர்றாங்க. அவங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். "அண்ணே, நான் பார்மஸி படிக்கலையே" என்றேன். "அவங்களோடதானே இத்தனை வருஷமா குப்பை கொட்டுறீங்க, அது போதும்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் படித்த காலத்தில் இந்த வளாகத்தில் மருந்தியல் துறை கிடையாது. இப்போது இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஊரில் கேட்கிற கேள்வி மட்டும் மாறவே இல்லை. "என்னம்மா படிக்கிறே?" "பார்மஸி, மாமா." "அப்படியா? மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியா? சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் குடுக்க நாலு வருஷம் படிக்கணுமா?" என் உரை முழுக்க அந்த மாமாவுக்குப் பதில்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் மருந்து கலக்க டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருப்பார். பார்த்துப் பழகியதே அவருக்குப் படிப்பு. மருந்துகளின் தரம் பற்றி விசாரிக்க 1930-இல் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1932-இல் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப், காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பாடத்தைத் தொடங்கினார். 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. 1948-இல் பார்மஸி சட்டம் வந்தது. அன்றிலிருந்து இது யாரும் பார்த்துப் பழகிச் செய்கிற வேலை அல்ல; படித்து, பயிற்சி பெற்று, பெயரைப் பதிவு செய்துகொண்டு செய்ய வேண்டிய தொழில்.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். டி.பார்ம். என்கிற பட்டயப் படிப்பு 2 ஆண்டு. அதன் பிறகு குறைந்தது 3 மாத காலத்தில் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. அதில் பாதி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையில் கழிய வேண்டும். பி.பார்ம். 4 ஆண்டு. அதில் 150 மணி நேரம் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ பயிற்சி. டி.பார்ம். முடித்தவர்கள் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மேலே எம்.பார்ம். 2 ஆண்டு. 2008 முதல் ஃபார்ம்.டி. என்ற 6 ஆண்டுப் படிப்பும் இருக்கிறது. அதில் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையில் நோயாளிகளின் நடுவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டடத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் படித்து முடித்தாலும் மாநில கவுன்சிலில் பெயரைப் பதிய முடியாது. பெயர் பதியாதவர் சட்டத்தின் கண்ணில் மருந்தாளுநரே அல்ல.

சரி, உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? மருந்தை எப்படித் தயாரிப்பது, அதன் வேதியியல் என்ன, உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது, எந்த மருந்தோடு எது சேரக் கூடாது, எப்படிப் பரிசோதிப்பது, சட்டம் என்ன சொல்கிறது - இவ்வளவும் உண்டு. இதெல்லாம் கவுன்டருக்கு எதற்கு என்றால், ஒரு உதாரணம் சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை. மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரை மாதிரி நினைத்துத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. படித்தவர் கையில் அந்தச் சீட்டு கிடைத்தால், "எந்தக் கிழமை சாப்பிடறீங்க?" என்று கேட்பார். அட்டையில் அந்தக் கிழமையை எழுதியும் கொடுப்பார். படிக்காதவர், "சில்லறை இருக்கா?" என்று கேட்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று என் குடும்பத்தில் நடந்தது. என் அத்தை பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர் வாங்கும் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்றே சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் உண்டு. ஒரு நாள் டாக்டர் வேறு வகை இன்சுலினுக்கு மாற்றினார். அது மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். வழக்கமான கடையில் இருந்த பையன் புது மருந்தைக் கொடுத்து, பழைய சிவப்பு மூடி சிரிஞ்சையே கூடப் போட்டுக் கட்டினான். அத்தை எப்போதும் போல 10 என்ற கோடு வரைக்கும் இழுத்தார். கணக்குப் போடுங்கள்: அந்தக் கோட்டில் கால் மில்லி. கால் மில்லியில் 25 யூனிட். இரண்டரை மடங்கு! அன்று ராத்திரி வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டார். டாக்டர்கள் சர்க்கரையை ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஏன் இறங்கியது என்று கண்டுபிடித்தவர் அந்த ஆஸ்பத்திரி மருந்தாளுநர் அம்மா. "வீட்ல எந்த சிரிஞ்ச்ல போடறீங்க? அதைக் கொண்டு வாங்க" என்று கேட்டார். மூடியின் நிறத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் இல்லாமல் இல்லை. பளபளவென்று தொங்கியது. சான்றிதழுக்கு உரியவர்தான் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தார். மாதாமாதம் ஒரு தொகை அவருக்குப் போய்விடும்.

பார்மஸி மாணவச் செல்வங்களே, நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். படிப்பு முடித்த மறுநாளே உங்களைத் தேடி யாராவது வருவார்கள். "தம்பி, சர்டிபிகேட்டை மட்டும் குடு. நீ வர வேண்டாம். மாசம் பிறந்தா பணம் வந்துடும்" என்பார்கள். வீட்டிலும், "சும்மா கிடக்கிற காகிதம்தானே, குடேன்" என்பார்கள். கல்விக் கடன் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும். அந்த நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் சொல்கின்றன. சுவரில் தொங்குகிற காகிதம் மேற்பார்வை பார்க்காது. வீட்டை வாடகைக்கு விடலாம். நாலு வருஷப் படிப்பை வாடகைக்கு விட்டால், யாரோ ஒருவருடைய அத்தைதான் வாடகை கட்டுவார்.

தொழிற்சாலைப் பக்கமும் இதே கதைதான். எங்களிடம் ஓடும் இயந்திரம் மாத்திரைகளை மழை மாதிரி கொட்டும். அதை ஓட்டுவது எங்கள் வேலை. நிறுத்துவது அவர்கள் வேலை. எடை சரியா என்று 20 மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பார்கள். உறை பூசாத மாத்திரை 15 நிமிடத்தில் கரைந்து உதிர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று தப்பினாலும் "இந்த பேட்ச் வெளியே போகாது" என்பார்கள். எங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அந்த "போகாது" சொல்லப்படாத இடங்களில் என்ன ஆகும்? டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இனிப்பான திரவ மருந்தில் கலந்து, 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தன. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். உள்ளே வருகிற ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். தெரியாத வித்தை இல்லை. கல்லூரியிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம்தான். தேவை, சோதித்துவிட்டு "முடியாது" என்று சொல்லும் ஆள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு உறுப்பு சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நாலாவதாக, கூட நின்று செய்கிற ஒருவர். மருந்தைப் பிழையில்லாமல் செய்பவர் என்ற பொருள்படப் பரிமேலழகர் அவருக்கு உரை எழுதியிருக்கிறார். நாலில் ஒரு பங்கு! மருத்துவருக்குச் சமமாக எண்ணி வைத்த இடம் அது. அந்த இடத்தைத்தான் மாமா "மாத்திரை எடுத்துக் குடுக்கறது" என்கிறார்.

முடிக்கும் முன் பழைய மாணவர்களுக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று, கடையில் மருந்து வாங்கும்போது "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், கேட்டால் போதும். பத்துப் பேர் கேட்டால் முதலாளி ஓர் ஆளை வேலைக்கு வைப்பார். சான்றிதழுக்குக் கொடுத்த பணம் சம்பளமாக மாறும். இரண்டு, இங்கே மருந்துக் கம்பெனிகளிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பயிற்சி நேரம் பல இடங்களில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த 150 மணி நேரத்தை நிஜமாகவே கொடுங்கள். ஆளுக்கு இரண்டு பேரை உள்ளே விட்டால் போதும். என் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கு நான் இன்றே கேட்டு வைத்திருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிற மாணவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். பாயசம் வருகிற வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.