என்ன முறை வேண்டும்?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பண்பாடும் சாதியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலரிடம் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள்.

பேருந்தில் பக்கத்தில் உட்காரும் வயதான அம்மா பேச்சுக் கொடுப்பார். "எந்த ஊரு கண்ணு?" சொல்வோம். "அங்க எந்தத் தெரு?" சொல்வோம். "யாரு வூட்டுப் பொண்ணு?" அதையும் சொல்வோம். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டு, "அப்படின்னா நீ எனக்குப் பேத்தி முறை வேணும்" என்று முகம் மலர்ந்து பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டுவார். முகம் மலராமலும் போகலாம். அப்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சாதி என்ற சொல்லை அவர் ஒருதடவைகூட உச்சரிக்கவில்லை. ஆனால் மூன்று கேள்விகளில் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். இன்றும் இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவர் பெயரைக் கேட்டதுமே அவர் சாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் தெரியாது. அது நம் முன்னோர்கள் பெற்றுத் தந்த வெற்றி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெயரின் வாலிலிருந்து வெட்டிய சாதி எங்கே போய் ஒளிந்துகொண்டது? "என்ன முறை வேணும்?" என்ற அன்பான கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டது என்கிறேன்.

முறை என்றால் உறவு. முறை என்றால் ஒழுங்கு, விதி என்றும் பொருள். முறைப்பெண், முறைமாமன் என்கிறோம். முறை தவறியவள் என்றும் சொல்கிறோம். யாரை என்னவென்று கூப்பிடலாம் என்று சொல்லித்தரும்போதே, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது, யாரை எந்தச் சொல்லாலும் கூப்பிடவே வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள்.

நான் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில், ஊர்த்தெருவில் பிறந்தவள். நிலம் வைத்திருந்த குடும்பம். எட்டு வயதில் எனக்கு ஊர்த்தெரு முழுக்க உறவு. பெரியப்பா, சித்தி, அத்தை, ஆயா என்று ஆளுக்கொரு சொல் வைத்திருந்தேன். எங்கள் கழனியில் வேலை செய்ய காலனியிலிருந்து ஒருவர் வருவார். என் தாத்தா வயது. தலையில் துண்டு கட்டியிருப்பார், என்னைப் பார்த்ததும் அவிழ்த்துவிடுவார். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். "வா", "போ", "அதை எடு". இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தாய்மொழியோடு சேர்ந்து வந்துவிட்டது. அவரைத் தாத்தா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்று நினைத்தால் எனக்கு அச்சமூட்டுகிறது. கொடுமை செய்கிறோம் என்று தெரியாமலே ஒரு குழந்தையால் செய்ய முடியும் என்றால், அந்த வேலையை மொழி செய்து முடித்துவிட்டது என்று பொருள்.

இதைச் சொன்னால் வீட்டில் வரும் பதில், "முறைங்கறது ரத்தத்துல இருக்கு, அதை மாத்த முடியாது" என்பது. உண்மையா என்று பார்ப்போம்.

தாய்மாமன் மகள் நமக்கு முறைப்பெண். வடநாட்டில் அதே பெண் தங்கை, ராக்கி கட்டுபவள். அவளைக் கட்டுவதை அங்கே பாவம் என்பார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே இதில் ஒரு முடிவுக்கு வராமல், வழக்கம் இருக்கும் சமூகத்தில் செல்லும் என்று விட்டுவிட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் 1839-இல் மணந்த எம்மா, அவருடைய தாய்மாமன் மகள். நம் கணக்கில் முறைப்பெண்தான். அவரை நம் சாதிச்சங்கம் எதிலும் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. அப்பாவின் அண்ணன் பெரியப்பா, அம்மாவின் அக்கா பெரியம்மா. அவர்கள் பிள்ளைகள் அண்ணன், தங்கை. ஆனால் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் வேறு கணக்கு. இதேபோன்ற ஓர் ஒழுங்கை அமெரிக்கப் பழங்குடிகளான செனகா மக்களிடம் பார்த்தவர் லூயிஸ் ஹென்றி மார்கன். தமிழ் உறவுச் சொற்களை மிஷனரிகள் வழியாகத் திரட்டி ஒப்பிட்டு, 1871-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்த ஒற்றுமையை வைத்து, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இது சான்று என்றும் வாதாடினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஒரே மாதிரிக் கூப்பிடுகிறவர்கள் ஒரே ரத்தமாக இருக்கத் தேவையில்லை. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்தில் சிங்களத்தில் அத்தை மகனை, மாமன் மகனை 'மஸ்ஸினா' என்கிறார்கள். நம் மச்சினன்தான். ஆரிய மொழிக் குடும்பம் என்று வகுக்கப்பட்ட மொழி, உறவு ஒழுங்கோ நம்முடையது போலவே இருக்கிறது. மொழி ஒரு பக்கம் போகிறது, உறவு இன்னொரு பக்கம் போகிறது. இவற்றை ரத்தம் தீர்மானிக்கவில்லை. கூடி வாழ்ந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

ரத்தக் கதையை வெள்ளைக்காரர்களும் அளந்து பார்த்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக ஆகச் சாதி கீழே போகும் என்றார். சாதியை இனமாகக் காட்டும் முயற்சி அது. அண்ணல் அம்பேத்கர் இதை விடவில்லை. தீண்டப்படாதோர் பற்றி 1948-இல் வெளியான நூலில் அதே மூக்கு அளவுகளை எடுத்துவைத்து, இந்த அறிவியல் உண்மையென்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். அதற்கு முன்பே, 1936-இல் சாதி ஒழிப்பு பற்றிய உரையில், சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் அதே மாகாணத்துப் பறையரும் ஒரே இனத்தவர் என்று எழுதியிருந்தார். ஆக, ரத்தத்தில் வேலி இல்லை. பின் வேலி எங்கே இருக்கிறது?

பெண்ணின் மேல் இருக்கிறது. இதையும் அண்ணல்தான் சொன்னார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில், சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று கட்டுரை வாசித்தார். அந்த அகமணத்தைக் காக்கத்தான் உடன்கட்டையும் கைம்மைக் கொடுமையும் குழந்தை மணமும் வந்தன என்று விளக்கினார். நம் பேச்சைக் கவனியுங்கள். சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களுக்குக் "கொண்டான் கொடுத்தான்" என்று பெயர். கொண்டவன் ஆண், கொடுத்தவன் ஆண். கொடுக்கப்பட்டவள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. பெண் எடுத்தோம், பெண் கொடுத்தோம் என்கிறோம். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்கு மரபுவழி நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர் சொன்னால்கூடத் துணிந்து கட்டிவைப்பார்கள். அடுத்த தெருவுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

அந்தச் சொல்லில் இல்லாதவள் தானே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். விருத்தாசலம் பக்கத்துக் கண்ணகியும் முருகேசனும் படித்தவர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். 2003 ஜூலையில் இருவரையும் நஞ்சு ஊற்றிக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் அண்ணனும் ஒருவர். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது 2025-இல், அதாவது 22 ஆண்டுகள் கழித்து. அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் அந்த அண்ணன்தான் அதற்குத் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர்.

நானும் காலனியில் பிறந்த ஒருவரைத்தான் மணந்தேன். எங்களை யாரும் கொல்லவில்லை. அது எங்கள் திறமை அல்ல, தப்பித்தோம், அவ்வளவுதான். என் வீட்டில் என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாள், திண்ணையில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். புது மருமகளுக்கு மரியாதை என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அவர்கள் எழுந்து நின்றது ஊர்த்தெருப் பெண்ணுக்கு. என் மாமியார் என்னை "வாங்க", "சாப்புடுங்க" என்றார். பெற்ற மகனை "டேய்" என்பவர், அவன் மனைவியை "நீங்க" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. இரண்டு வருடம் அப்படித்தான் போனது. ஒருநாள் நான் காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி, சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வந்து பார்த்தவர், "ஏன்டி, இன்னும் துன்னலையா நீ?" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அந்த "டி" என்று நினைக்கிறேன். அதே "டி"-யை ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் என் மாமியாரைப் பார்த்துச் சொன்னால் அது வசவு. சொல் ஒன்றுதான். யார் யாரிடம் சொல்கிறார் என்பதில் இருக்கிறது பண்பாடு.

பிறகு எங்கள் மகளுக்குக் காது குத்த வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டார். எங்களுக்குச் சடங்கில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவர் ஆசையைத் தட்டவும் மனமில்லை. தாய்மாமன் மடி வேண்டுமே? என் அண்ணனுக்குத் தகவல் அனுப்பினேன். வரவில்லை. மகள், "எல்லாருக்கும் மாமா இருக்காங்க, என் மாமா எங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

விடுதியில் என்னோடு தங்கிப் படித்த தோழி வந்திருந்தாள். மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். நான் உட்காருகிறேன் என்றாள். "பொம்பள எப்படி மாமன் ஆவா?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். என் மாமியார் திரும்பிப் பார்த்து, "மாமன் வேலையச் செய்யறவதான் மாமன். ஒக்காரு" என்றார். அவள் மடியில்தான் காது குத்தினோம். இதைப் பெரிய புரட்சி என்று சொல்ல வரவில்லை. என் அண்ணன் இன்றுவரை வரவில்லை, அந்த வலியும் போகவில்லை. ஆனால் முறை என்பது மனிதர்கள் போட்டது, மனிதர்களால் மாற்றக்கூடியது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் அரசியலில் அண்ணன், தம்பி என்ற சொற்கள் ஏராளம். அண்ணா தம் தொண்டர்களைத் தம்பி என்று விளித்துக் கடிதம் எழுதினார். தலைவர், ஐயா என்று எட்டி நின்ற காலத்தில் அது பெரிய மாற்றம். ஆனால் அண்ணன் தம்பிக்குள் திருமணம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஊர்க்காரரும் காலனிக்காரரும் மேடையில் அண்ணன் தம்பியாக இருக்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. மாமன் மச்சான் ஆகும்போதுதான் அரிவாள் வருகிறது. கலப்பு மணம்தான் உற்றார் உறவினர் என்ற உணர்வை உண்டாக்கும் என்று அண்ணல் எழுதியதன் கூர்மை இதில் இருக்கிறது. அதுவும், பெண்ணைக் கொடுத்து வாங்கி ஆகிற மச்சான் உறவாக இருக்கக்கூடாது. அவள் தேர்ந்தெடுத்து உண்டாகிற உறவாக இருக்க வேண்டும்.

ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டத்துக்காகத் தெருவில் நிற்போம். அதோடு இன்று மாலை வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் வேலைக்கு வருகிறவர்களை உங்கள் வீட்டுக் குழந்தைகள் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். எட்டு வயதில் என்னைத் திருத்த யாரும் இல்லை. உங்கள் தம்பி தங்கைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

பேருந்தில் அந்த அம்மா "என்ன முறை வேணும்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். தெருவைச் சொல்லாதீர்கள். "உங்களுக்குப் பேத்தி மாதிரி வெச்சுக்கங்க பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். முறுக்கு கிடைக்கிறதா இல்லையா என்பதிலிருந்து அவரோடு பேச்சைத் தொடங்கலாம்.

ஜெய்பீம்.