குளத்திற்குப் போகும் வழி
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி விழா மேடையில் ஊர்க் குளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது, நிலத்திற்கு ஓய்வு தந்து, இழந்தவன் கையில் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஆண்டு. அப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றுள் குளமும் ஒன்று என்பதே நமது கருத்து.

அடி அண்ணாமலையில் ஆறு இல்லை. மலைமேல் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரி குளங்களில் தங்கி, மண்ணுக்குள் கசிந்து, கிணறுகளில் ஊறுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இத்தனை தீர்த்தங்கள் அமைந்தது பக்தியால் மட்டும் அல்ல, தண்ணீரைத் தேக்கத் தெரிந்த புத்தியாலும்தான்.

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இவ்வூரில்தான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. விடியற்காலையில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போவதுதான் அதன் காட்சி. 1896 செப்டம்பர் 1ஆம் நாள், யாரையும் அறியாத 16 வயதுச் சிறுவன் ஒருவன் திருவண்ணாமலை வந்து இறங்கினான். ஐயங்குளத்தங்கரையில் தலையை மழித்துக்கொண்டு, கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தைக் குளத்தில் எறிந்தான். அவரையே பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது. ஊருக்குப் புதியவனுக்கும் குளக்கரையில் இடம் இருந்தது.

ஆனால் எல்லாருக்கும் இருந்ததா? இல்லை. ஆடு மாடு இறங்கிய குளத்தில், உழைத்துக் களைத்த மனிதர் இறங்கக் கூடாது என்றிருந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று, மஹாத் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிப் பருகினார். அந்த வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. இன்று நமது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே அந்த உரிமையைத் தருகிறது. ஒரு கை தண்ணீருக்கு இவ்வளவு பாடு!

அவ்வளவு பாடுபட்டுத் திறந்த வழியை நாம் என்ன செய்தோம்? வீட்டுக்குக் குழாய் வந்த நாளிலிருந்து குளத்தை மறந்தோம். போகாத பாதையில் முள் முளைத்தது. முள் முளைத்த இடத்தில் குப்பை விழுந்தது. திருவிழா முடிந்த மறுநாள் எச்சில் இலையும் காகிதத் தட்டும் எங்கே போயின என்று நம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்வோம். நான்கு பேர் நாள்தோறும் இறங்கும் குளத்தில் ஐந்தாமவன் குப்பை கொட்டத் தயங்குவான். பார்க்க ஆளில்லாத குளமே சாக்கடையாகிறது. ஆகவே குளத்தின் சுகமும் குளத்திற்குப் போகும் வழியும் இரண்டல்ல, ஒன்றே.

சாக்கடை விழுந்தால் என்ன நடக்கிறது? சோப்பு நீரும் கழிவுநீரும் பாசிக்கு உரமாகின்றன. பாசி மண்டுகிறது. இரவில் வெயில் இல்லாதபோது அந்தப் பாசியும் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையே உட்கொள்கிறது. விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கின்றன. மீன் செத்தால் கொசு பெருகும். கொசு வந்தால் குளத்தையே தூர்த்துவிடலாம் என்று சொல்லவும் ஆள் வரும்.

கம்பி வேலியும் நாற்புறமும் சிமெண்டுச் சுவரும் இதற்கு மருந்தாகா. சுவர் எழுந்தால் தவளைக்கும் ஆமைக்கும் ஏறி இறங்கக் கரை இல்லை, மனிதருக்கும் இல்லை. பிள்ளைகள் தவறி விழுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஆழமில்லாத சரிவுக் கரையும் அகன்ற படியும் வேண்டும்; பூட்டு அல்ல.

நாம் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரத்துக்கால் முழுவதும் நடப்போம். அடைபட்ட இடங்களைக் குறித்து அதிகாரிகளிடம் மனுக் கொடுப்போம். வரத்துக்கால் அடைபட்டிருக்கக் குளத்தை வெட்டிப் பயனில்லை. இரண்டாவது, நம் வீட்டுக் கழிவுநீர் குளத்திற்குப் போகாமல் தடுப்போம். மூன்றாவது, கோடையில் தண்ணீர் வற்றும்போது தூர் எடுக்கக் கேட்போம். ஆனால் அடியிலுள்ள களிமண் படுகையை உடைக்கலாகாது. உடைத்தால் தண்ணீர் நிற்காது. எடுத்த வண்டல் வயலுக்குப் போகட்டும். நான்காவது, கரைக்கு ஒரு நல்ல பாதையும் பிடித்து இறங்கக் கைப்பிடியும் வேண்டும். பெத்சதா குளத்தங்கரையில் கிடந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். 38 ஆண்டு நோயுற்றிருந்த அவனுக்குக் குளம் கண்ணெதிரே இருந்தது. இறக்கிவிடத்தான் ஆள் இல்லை. நம் ஊர் முதியவர் எவரும் அப்படிச் சொல்லும்படி விடலாகாது.

இவை பங்கு மக்கள் மட்டும் செய்து முடிக்கும் காரியமல்ல. தண்ணீருக்குச் சமயம் கிடையாது. கோயில் தெருவாரும் பள்ளிவாசல் தெருவாரும் நம்மோடு மண்வெட்டி பிடித்தால்தான் அது ஊர்க் குளம்.

விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைப்பது வழக்கம். இந்த ஜூபிலிக்கு நாம் வைக்கும் கல், குளத்தின் முதற்படியாக இருக்கட்டும். அதில் எவர் பெயரும் வேண்டாம். எல்லார் காலும் அதில் பட்டால் போதும்.